வீடு கட்டும்போது எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது?

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மூலப்பொருள்களுக்குத் தட்டுப்பாடு நிலவியபோது, அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் பணிபுரிந்த லாரன்ஸ் மைல்ஸ், கிடைக்காத பொருளுக்கு மாற்று தேடும் முன் அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று கேட்கத் தொடங்கினார். அந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்ததே மதிப்புப் பொறியியல். செய்யும் வேலை குறையாமல் செலவு குறைந்தால் மதிப்பு கூடுகிறது. வேலையும் சேர்ந்து குறைந்தால் அது வெறும் வெட்டு.

மேல்தளத்தை எடுத்துக்கொள்வோம். சுமை ஏறும்போது இரண்டு சுவர்களுக்கு இடைப்பட்ட தளம் சற்றே வளைகிறது. அதன் மேற்பகுதி அமுக்கப்படுகிறது, கீழ்ப்பகுதி இழுக்கப்படுகிறது. கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும். இழுவையைத் தாங்கும் வலு அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் என்பதால், கீழே இழுவையை ஏற்பவை கம்பிகளே. ஆகவே கம்பிகளுக்கு இடையே உள்ள கான்கிரீட்டில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, அங்கே ஓடு போன்ற எடை குறைந்த பொருளை வைக்கலாம். தளத்தின் எடை குறைவதால் பீம், தூண், அஸ்திவாரம் வரை சுமை குறைகிறது. இதை நான் மிக அழகான சிக்கனமாகக் கருதுகிறேன், ஏனெனில் இங்கே நீக்கப்படுவது ஏறக்குறைய வேலையில்லாமல் இருந்த பொருள்.

ஆனால் ஒவ்வொரு சிக்கனமும் புதிய இடர் ஒன்றைக் கொண்டுவரக்கூடும். சுவரை ஒட்டிய பகுதியில் வெட்டுவிசை, அதாவது தளத்தைக் குறுக்கே அறுக்க முயலும் விசை, அதிகம் என்பதால் அங்கே தளம் முழுக் கான்கிரீட்டாகவே இருக்க வேண்டும். இந்த முறையில் பழக்கமில்லாத மேஸ்திரி அங்கும் ஓடுகளை அடுக்கிவிட வாய்ப்புண்டு. இடர் மேலாண்மை அந்த வாய்ப்பையும் அதனால் விளையும் சேதத்தையும் சேர்த்து எடைபோட்டு, இடரைத் தவிர்ப்பதா, குறைப்பதா, பிறர் பொறுப்பில் விடுவதா, ஏற்றுக்கொள்வதா என்று முடிவு செய்கிறது. இங்கே கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் பொறியாளர் நேரில் வந்து சரிபார்த்தாலே இடர் பெருமளவு குறைந்துவிடும்.

கம்பியைச் சற்று உயர்த்திப் பிடிக்க அதன் அடியில் வைக்கும் சிறு கட்டையான கவர் பிளாக்கை மிச்சம் பிடிப்பது, ஓடு வைக்கும் சிக்கனத்துக்கு நேர் எதிரானது. தளத்தில் அது தரும் 20 மில்லிமீட்டர் அளவிலான கான்கிரீட் உறைதான் ஈரமும் காற்றும் கம்பியைத் தொடாமல் காக்கிறது. உறை மெலிந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். மிச்சமாவது சொற்பம், பழுதுபார்க்கும் செலவோ பெரிது.

மண் பரிசோதனையோ செலவையும் இடரையும் ஒருசேரக் குறைக்கிறது. மண்ணின் தாங்குதிறன் தெரியாவிட்டால் அஸ்திவாரத்தை வீணாகப் பெரிதாக்குவோம், அல்லது ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் சுருங்கும் களிமண்ணின் மேல் அறியாமல் கட்டிச் சுவரில் விரிசல் காண்போம்.

இந்த முடிவுகளெல்லாம் வரைபட நிலையிலேயே எடுக்கப்பட வேண்டியவை. தூணை வரைபடத்தில் நகர்த்தச் சில கோடுகள் போதும். அஸ்திவாரம் போட்ட பிறகு நகர்த்த இடிக்கத்தான் வேண்டும். ஆகவே செலவு குறைப்புக்கான ஒவ்வொரு யோசனையையும் எழுதும்போது, மிச்சமாகும் தொகைக்குப் பக்கத்திலேயே அது கொண்டுவரும் இடரையும், அதைக் கவனிக்க வேண்டியவர் யார் என்பதையும் குறித்து வைக்க வேண்டும்.