ஏஜென்ட்: முகவரா, முகவியா, சேகரிப்பானா?

"கண்காணிப்பு முகவர் நினைவகம் குறைவதை முகவருக்குத் தெரிவித்தார். முகவர் சேவையை மறுதொடக்கம் செய்தார்."

செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்டுகள் படித்துப் பயன்படுத்துவதற்கென எழுதப்படும் கண்காணிப்புக் கருவி ஆவணங்கள் தமிழுக்கு வந்தால் இப்படித்தான் வருகின்றன. ஏதோ உளவுத்துறைக் கதை. இதில் எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் மனிதர், எது மென்பொருள், சேவையில் கைவைத்தது யார் என்று ஒன்றும் விளங்காது.

வேர் எளியது. 'செய்', 'ஓட்டு' என்று பொருள்படும் லத்தீன் 'அகெரே', அதிலிருந்து 'செய்கிறவர்'. பிரெஞ்சிலும் அதே சொல், உச்சரிப்பு மட்டும் 'அழான்'. பிரெஞ்சு புழங்கும் மொரிசியஸில் அது போலீஸ்காரரையும் குறிக்கும். ஒப்பந்தக் கூலி முறைக் காலத்தில் சென்னையிலிருந்து இத்தீவுக்கு ஆள் அனுப்பிய அதிகாரியின் பதவிப் பெயரிலும் ஏஜென்ட் உண்டு. தமிழில் 'முகம்' என்பதிலிருந்து முகவர்: இன்னொருவரின் முகமாக நிற்பவர். காப்பீட்டுக்கும் நிலம் விற்பதற்கும் அருமையான சொல், குறை சொல்ல ஒன்றுமில்லை.

கணினிக்கு வரும்போதுதான் சிக்கல், ஏனென்றால் இங்கே ஏஜென்ட் இரண்டு. முதலாவது பழையது. வலைப்பின்னல் கருவிகளைக் கண்காணிக்க 1988-இல் வந்த எஸ்.என்.எம்.பி நெறிமுறையில், கருவிக்குள் உட்கார்ந்து யு.டி.பி 161-ஆம் போர்ட்டில் (எண்ணிட்ட இணைப்பு வாயிலில்) கேள்விக்குப் பதில் சொல்லும் சிறு மென்பொருள். ஸாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளின் ஏஜென்ட் 10050-ஆம் போர்ட்டில் காத்திருப்பதும் இந்த வகைதான். அளப்பது, சொல்வது, அவ்வளவே. இரண்டாவது புதியது. ஒரு குறிக்கோளைக் கொடுத்தால், எந்தக் கட்டளையை ஓட்டுவது என்று தானே தேர்ந்து, விடையைப் படித்து, அடுத்த அடியையும் தானே தீர்மானிக்கும் மென்பொருள். ஒன்று அளக்கிறது, மற்றது முடிவெடுக்கிறது. ஒரே ஆவணத்தில் இரண்டையும் 'முகவர்' என்றால் "முகவரை மறுதொடக்கம் செய்க" என்ற வரி எதைச் சொல்கிறது?

முதலாவதற்குச் 'சேகரிப்பான்' போதும். அது செய்வது அதுதான். இதற்கு ஆங்கிலத்திலேயே ஏஜென்ட் கட்டாயமில்லை. 9100-ஆம் போர்ட்டில் ஓடி இதே வேலையைச் செய்யும் நோட் எக்ஸ்போர்ட்டர் என்ற மென்பொருள் தன்னை அப்படி அழைத்துக்கொள்வதில்லை. 'திரட்டி' என்பாரும் உண்டு. ஆனால் வலைப்பதிவுத் திரட்டிகள் அந்தச் சொல்லை முன்பே எடுத்துக்கொண்டுவிட்டன.

இரண்டாவதற்கு 'முகவர்' வேண்டாம் என்பதற்கு முதன்மையான காரணம் திணை. தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்குவதே உயர்திணை, அஃறிணைப் பிரிவில்தான். 'நிறுத்தினார்' என்றால் ஆள், 'நிறுத்தியது' என்றால் ஆளல்ல. வினையின் கடைசி அசையிலேயே தமிழ் சொல்லிவிடும் இந்தச் செய்தியை ஆங்கில வினைமுற்றும் பிரெஞ்சு வினைமுற்றும் சொல்வதில்லை. கையில் இருக்கும் இந்த வசதியை 'அர்' விகுதி போட்டு நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

இது வெறும் இலக்கணப் பிடிவாதம் அன்று. லினக்ஸில் 'ஃப்ரீ' கட்டளை காட்டும் நினைவக அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா கிடக்கும் நினைவகத்தை லினக்ஸ், படித்த கோப்புகளைத் தேக்கி வைக்கப் பயன்படுத்திக்கொள்ளும்; தேவைப்பட்டால் திருப்பித் தரும். ஆகவே 'ஃப்ரீ' என்ற கட்டத்தில் எண் பெரும்பாலும் சிறிதாகத்தான் தெரியும். படிக்க வேண்டியது 'அவெய்லபிள்' கட்டம். ஆவணத்தில் இது எழுதப்படாவிட்டால், முடிவெடுக்கும் மென்பொருள் 'ஃப்ரீ' எண்ணைப் பார்த்துப் பதறி, நன்றாக ஓடும் சேவையை நிறுத்திவிடும். பதிவேட்டில் "முகவர் நிறுத்தினார்" என்று விழும். மறுநாள் காலை விசாரணை இரவுப் பணியில் இருந்தவரிடம் போகும். "முகவி நிறுத்தியது" என்று இருந்தால் அந்தக் குழப்பமே இல்லை.

ஆம், 'முகவி'. கணினி, உலாவி, செயலி வரிசையில் 'இ' விகுதி. தலைவி போலப் பெண்பாலாகக் கேட்கிறதே என்பார்கள். 'முகவன்' வழக்கில் இல்லாதபோது அந்த ஐயம் நிற்காது; வினையும் 'அது' என்றே முடியும். 'ஏவலி' என்றொரு போட்டிச் சொல்லும் உண்டு. ஏவியதைச் செய்வது, பொருள் சரிதான். ஆனால் 'ஏவல்' என்றதும் பில்லி சூனியம் நினைவுக்கு வராத தமிழர் யார்? 'முகவர்' ஏற்கெனவே வேரூன்றிவிட்டது என்பது அடுத்த வாதம். அது வேரூன்றியது மனிதருக்கு. அங்கேயே இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்களின் நோய் இன்னொன்று: ஒரு மூலச்சொல்லுக்கு ஒரு தமிழ்ச்சொல் என்று பட்டியல் போட்டு, தேடி மாற்றிவிடுவது. பிரெஞ்சில் கண்காணிப்பு மென்பொருளுக்கு 'சூப்பர்விசியோன்' என்பதால் இங்கே மொரிசியஸில் சிலர் 'மேற்பார்வை' என்று போடுகிறார்கள். மேற்பார்வை கரும்புத் தோட்டத்துச் சர்தார், அதாவது கூலிகளின் கங்காணி, பார்த்த வேலை. வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்ப்பது கண்காணிப்பு.

ஆவணத்தில் வாக்கியம் இப்படி அமையலாம்: "வி.எம்.ஸ்டாட் கட்டளை தரும் முதல் எண் வரி, கணினி தொடங்கியது முதலான சராசரி. முகவி அதை விட்டுவிட்டு இரண்டாம் வரியிலிருந்து படிக்க வேண்டும்." "நாகியோஸ் என்ற கண்காணிப்பு மென்பொருள் வகைச் சோதனை 3 என்ற முடிவு எண்ணுடன் முடிந்தால் நிலை தெரியவில்லை என்று பொருள். முகவி எதையும் நிறுத்தக் கூடாது, பணியாளரை அழைக்க வேண்டும்." "நேர முத்திரை யு.டி.சி-யில் (உலகப் பொது நேரத்தில்) உள்ளது, மொரிசியஸ் நேரத்துக்கு 4 மணி கூட்டுக." யார் எதைச் செய்ய வேண்டும் என்பதில் ஐயமே இல்லை.

பொருளின் பெயராக வரும் ஏஜென்ட்டைத் தொட வேண்டாம். ஸாபிக்ஸ் ஏஜென்ட் ஸாபிக்ஸ் ஏஜென்ட்டாகவே இருக்கட்டும். கட்டளை, கோப்பு, அட்டவணைக் கட்டம் ஆகியவற்றின் பெயர்களை மொழிபெயர்க்கவே கூடாது. முகவி அவற்றை எழுத்துக்கு எழுத்து அப்படியே ஓட்டப்போகிறது. 'ஃப்ரீ' கட்டளையை 'வெற்றிடம்' என்று மாற்றி வைத்தால், அப்படியொரு கட்டளை இல்லை என்ற பிழைச்செய்திதான் திரும்பி வரும்.