கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள்

போன வாரம் ஒருவர் என் பட்டறை மேசையில் ஒரு ஷொப்பிங் பேக்கைக் கவிழ்த்தார். பன்னிரண்டு ஜன்னல் கைப்பிடிகள் விழுந்தன. வெள்ளை நிறம், பளபளப்பு, பதினொன்றில் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. நுவரெலியாவில் ஒரு விருந்தினர் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் மனிதர் அவர். ஏப்ரல் சீசனுக்கு முன்னால் உடைந்த கைப்பிடிகளை மாற்றிவிடு என்று முதலாளி சொல்லியிருக்கிறார். இவர் ஒரு ஜன்னலைப் போனில் படம்பிடித்துக் கொழும்பில் ஒரு கடைக்கு அனுப்ப, அவர்கள் படத்தில் உள்ளதைப் போலவே பன்னிரண்டை எடுத்து பஸ்ஸில் பார்சல் போட்டுவிட்டார்கள். ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

"அண்ணே, பார்க்க அச்சு அசலா ஒன்னுதானே?" என்றார்.

ஒன்றுதான். முன்பக்கம் ஒன்றுதான்.

இந்த மாதத்தில் எனக்கு வந்த மூன்றாவது ஷொப்பிங் பேக் இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஹட்டனில் சின்னதாக ஓர் அலுமினியம், யூபிவிசி (ஜன்னல் சட்டம் செய்யும் கெட்டிப் பிளாஸ்டிக்) பட்டறை வைத்திருக்கிறேன். இருபது வருடத்துக்குக் கிட்ட இந்த வேலை. கைப்பிடி மாற்றுவது பெரிய வித்தை இல்லை. ஸ்க்ரூ ட்ரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்யலாம். ஆனால் வாங்குவதற்கு முன்னால் பழையதைக் கழற்றி, திருப்பி, அதன் முதுகைப் பார்க்க வேண்டும். அதைத்தான் யாரும் செய்வதில்லை.

மலைநாட்டில் இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதல். கீழே கொழும்புப் பக்கம் வீடுகளுக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னலை யாரும் அவ்வளவாகத் தேடுவதில்லை. இங்கே 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் ஹோட்டல்காரர்களும், வெளிநாட்டில் இருந்து திரும்பி வீடு கட்டியவர்களும் குளிருக்காகப் போடுகிறார்கள். சில வீட்டில் ஐரோப்பாவிலிருந்து கொள்கலனில் வந்த ஜன்னல், சில வீட்டில் சீனச் சாமான், சில வீட்டில் இங்கேயே வெட்டிப் பொருத்தியது. ஒரே பங்களாவில் மூன்று விதமும் பார்த்திருக்கிறேன். இதில் படத்தைப் பார்த்துக் கைப்பிடி வாங்குவது, முகத்தைப் பார்த்துச் சப்பாத்து அளவு சொல்வது மாதிரி.

சரி, முதுகில் என்ன பார்ப்பது?

யூபிவிசி ஜன்னல் என்றால் பெரும்பாலும் பின்னால் ஒரு சதுரக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்பிண்டில் என்பது அதுதான். சட்டத்துக்குள் இருக்கும் பூட்டுப் பெட்டியின் சதுர ஓட்டைக்குள் அது நுழைந்து திருகுகிறது. கனம் அநேகமாக 7 மில்லிமீட்டர். நீளம்தான் ஆளைக் கவிழ்க்கும்: 15, 20, 30, 40 என்று பல அளவில் வரும். அடித்தட்டில் இருந்து நுனி வரை அளக்க வேண்டும். கம்பி நீளமாக இருந்தால் கைப்பிடி சட்டத்தோடு ஒட்டாமல் எழும்பி நிற்கும். ஸ்க்ரூவை இறுக்கி இழுத்தால் அடித்தட்டு வெடிக்கும். கட்டையாக இருந்தால் இன்னும் மோசம். பெட்டிக்குள் கம்பியின் நுனி மட்டும் பிடிக்கும், இரண்டு மாதம் நன்றாகத் திரும்பும், பிறகு வழுக்கி வழுக்கிச் சதுர ஓட்டையை வட்டமாக்கிவிடும். நீளமானதை ஹெக்ஸோ பிளேட்டால் வெட்டிக்கொள்ளலாம், தவறில்லை. கட்டையானதை இழுத்து நீட்ட முடியாது.

நம்முடைய விடுதிக்காரர் ஒன்றை வெட்டியிருந்தார். 20 மில்லிமீட்டர் வேண்டிய இடத்தில் 12. கண்மதிப்பு! மீதி பதினொன்றையும் வெட்டாமல் கொண்டுவந்ததற்காக அவருக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன்.

பழைய கைப்பிடியே தொலைந்துவிட்டது என்பவர்கள் விளக்குமாற்றில் இருந்து ஓர் ஈர்க்கை உருவி, அந்தச் சதுர ஓட்டைக்குள் முட்டும் வரை விட்டு, சட்டத்தின் முகத்தில் நகத்தால் குறித்து எடுத்து அளக்கலாம். முட்டிய ஆழத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் குறைவாகக் கம்பி இருந்தால் போதும். எங்கள் பட்டறைப் பையன்கள் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள்.

அடுத்தது இரண்டு ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு இடையிலுள்ள தூரம், நடுவில் இருந்து நடு வரை. 43 மில்லிமீட்டர்தான் அதிகம் காண்பது. "அதிகம்" என்றுதான் சொன்னேன், "எல்லாம்" என்று சொல்லவில்லை.

அப்புறம் இடது வலது. கைப்பிடி நேராக இருந்தால் கவலையில்லை. கழுத்தில் ஒரு வளைவு இருந்தால் அது இடதா வலதா என்று பார்க்க வேண்டும். வீட்டுக்குள்ளே நின்று பார்த்துச் சொல்லுங்கள். பல்கனியில் நின்றுகொண்டு "இடது, அண்ணே" என்று போனில் சொன்ன ஒருவருக்காக நான் ஹட்டனில் இருந்து வெலிமடை வரை இரண்டு தடவை போனேன்.

பின்னால் கம்பியே இல்லையா? பழைய அலுமினிய ஜன்னல்களில் கைப்பிடியின் மூக்கே சட்டத்தில் மாட்டி இழுத்துப் பிடிக்கும். அதற்கு அளக்க வேண்டியது மூக்கின் உயரம்: அடித்தட்டில் இருந்து மூக்கின் கீழ்ப்பக்கம் வரை. சில மில்லிமீட்டர் கூடினால் மூடிய ஜன்னல் லொடலொடக்கும், ரப்பர் பீடிங் அழுந்தாது, ராத்திரி முழுக்கக் காற்று விசில் அடிக்கும். குறைந்தால் மூக்கு ஏறவே ஏறாது. கம்பிக்குப் பதில் இரண்டு பல் நீட்டிக்கொண்டிருந்தால் அது இன்னோர் இனம், அதற்கு அதேதான் வேண்டும். மேல்பக்கம் உள்ளே சாய்வதும் கதவு மாதிரித் திறப்பதுமாக இரண்டு வேலை பார்க்கும் ஜன்னலுக்கு கீழே, கிடை, மேலே என்று மூன்று நிலையிலும் நின்று திரும்பும் கைப்பிடி வேண்டும். சாதாரணக் கைப்பிடியைப் போட்டுவிட்டு "சாய மாட்டேங்குது" என்று என்னிடம் கேட்காதீர்கள்.

இதுவரை சொன்னது அளவு. அளவு பிழைத்தால் காசுதான் நட்டம், அதில் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. என் கோபமெல்லாம் ஒரே ஒரு நம்பிக்கை மேல். கைப்பிடி உடைந்தால் கைப்பிடிதான் பழுது என்ற நம்பிக்கை.

பத்துப் பேர் வந்தால் எட்டுப் பேர் சொல்வது, "சைனா சாமான் பாஸ், நல்ல ஸ்ட்ரோங்கான ஒன்னு தாங்க". ஐயா, கேளுங்கள். நன்றாக ஓடும் ஜன்னலில் கைப்பிடியை ஒரு சின்னப் பிள்ளை இரண்டு விரலால் திருப்பலாம். நீங்கள் முழங்கையை ஊன்றித் திருப்ப வேண்டியிருக்கிறது என்றால் உள்ளே எங்கேயோ இறுகியிருக்கிறது. நீங்கள் அமுக்க அமுக்க, இருப்பதில் பலவீனமான இடம் முறியும். கைப்பிடி பெரும்பாலும் நாக உலோகக் கலவையில் வார்த்தது. அது வளையாது, சட்டென்று முறியும். முறிந்ததே உங்கள் அதிர்ஷ்டம். விலை குறைந்த சாமான் முன்னால் போய் அடிவாங்கிக்கொண்டது. அதற்குப் பதிலாக முறியாத கைப்பிடி ஒன்றைத் தேடிப் போடுவது, பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியைச் சுற்றி வைப்பதுதான். அடுத்த தடவை பூட்டுப் பெட்டியின் பற்கள் போகும். அதுவும் ஜன்னல் மூடியிருக்கும்போது போகும். அப்போது கைப்பிடி சும்மா சுற்றும், ஜன்னல் திறக்காது, சட்டத்தைப் பாழாக்காமல் அதைத் திறக்க எனக்கு அரை நாள் ஆகும். அரை நாள் கூலியை நினைத்துக்கொள்ளுங்கள்.

பண்டாரவளையில் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி வீடு ஒன்று. ஒரே ஜன்னலில் ஒரு வருடத்துக்குள் மூன்று கைப்பிடி. ஐயா மூன்றையும் பிஸ்கட் டின்னில் போட்டு, வாங்கிய பில்லோடு வைத்திருந்தார், கடைக்காரனைக் கேள்வி கேட்பதற்காக. நான் ஜன்னலைத் திறந்து கீழ்மூலையைத் தூக்கிப் பார்த்தேன். ஆடியது. கீல் பட்டையின் இரண்டு ஸ்க்ரூ தளர்ந்து, ஜன்னல் ஒரு பக்கமாகத் தொங்கிப்போயிருந்தது. இரட்டைக் கண்ணாடியின் பாரத்தை யாரும் யோசிப்பதில்லை: 4 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 10 கிலோ, இரண்டு சேர்ந்தால் 20. அரை மூட்டை அரிசியை நாள் முழுக்கக் கீலில் தொங்கவிட்ட மாதிரி. தொங்கியதால், கைப்பிடியைத் திருப்பும்போது நகரும் பூட்டு முளை சுவரோடுள்ள சட்டத்தின் இரும்பில் நேராக ஏறாமல் முட்டியது. அம்மா தினமும் பலத்தைப் போட்டுத் திருப்பினார். புதிய ஸ்க்ரூ போட்டு, கண்ணாடியின் மூலையில் பிளாஸ்டிக் துண்டு வைத்துத் தூக்கிவிட்டேன். நான்காவது கைப்பிடி இன்னும் இருக்கிறது. அது அதே சைனா சாமான்தான்.

ஆகவே வாங்குமுன் இதைச் செய்யுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பிடியைத் திருப்புங்கள். திறந்திருக்கும்போது இலகுவாகவும், மூடினால் இறுக்கமாகவும் இருந்தால் ஜன்னல் தொங்கிவிட்டது, கீலைப் பாருங்கள். திறந்திருக்கும்போதே இறுக்கமா? கைப்பிடியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்புங்கள். கையில் இலகுவாகத் திரும்பினால் பழுது பெட்டியில். கையிலும் இறுக்கமென்றால் மட்டும்தான் கைப்பிடியின் குற்றம். மூன்று நிமிட வேலை. (புதிதாகப் போட்டது முதல் நாளே இறுகினால் ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். அளவுக்கு மிஞ்சி முறுக்கியிருப்பீர்கள்.) மாடி ஜன்னலென்றால் கழற்றும்போது இன்னோர் ஆள் பிடித்துக்கொள்ளட்டும். ஹப்புத்தளைப் பக்கத்து ஆடிக் காற்று உங்களைக் கேட்டுவிட்டு வீசாது.

எண்ணெய் விஷயத்தில் கெஞ்சிக் கேட்கிறேன், தேங்காயெண்ணெய் வேண்டாம். அது 24 பாகை செல்சியஸ் அளவிலேயே உறையத் தொடங்கும். குளியலறைப் போத்தலில் காலையில் கட்டியாக இருப்பதைப் பார்க்கிறீர்கள், அதையே பூட்டுக்குள் ஊற்றுகிறீர்கள்! ஜனவரிக் குளிரில் அது பெட்டிக்குள் மெழுகாக நிற்கும். வெயில் நாளில் தூசியைப் பிடித்துப் பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு, வருடத்துக்கு இரண்டு தடவை, ஓடும் இடங்களில். சாவித் துவாரத்துக்கு எண்ணெயே வேண்டாம், பென்சில் கரியைத் தூளாக்கிச் சாவியில் தடவினால் போதும்.

கைப்பிடி மாற்றினால் கண்ணாடிக்கு நடுவில் இருக்கும் ஆவி போகுமா என்று கேட்கிறார்கள். போகாது. நடுவில் ஆவி என்றால் கண்ணாடியின் சீல் போய்விட்டது, அது வேறு கணக்கு. காலையில் உள்பக்கம் விரலால் துடைத்தால் போகிற ஈரம் உங்கள் மூச்சும் கேத்தல் ஆவியும்தான்.

சாவி பூட்டுள்ள கைப்பிடி போடும் விடுதிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. விருந்தாளி கழற்றிக்கொண்டு போய்விடுவான் என்று சாவிகளை ஒரே கொத்தாக்கி ஒபிஸ் மேசைக்குள் வைக்கிறீர்கள். இரவில் அறைக்குள் புகை வந்தால் அவர் ஜன்னலை எதைக் கொண்டு திறப்பார்? குளிர் தாங்காமல் கரி அடுப்பை அறைக்குள் இழுத்து வைக்கிற ஆட்களும் வருகிறார்கள். அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட் என்ற உயிர்கொல்லி வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரட்டைக் கண்ணாடி அறை காற்றுப் புகாமல் இறுகி நிற்கும். அதற்காகத்தானே காசு கொடுத்தீர்கள். கரி அடுப்பை உள்ளே விடாதீர்கள், ஜன்னலைத் திறந்து வைத்தாலும் விடாதீர்கள். சாவியை அந்தந்த அறையிலேயே, சின்னப் பிள்ளைக்கு எட்டாமல் பெரியவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஓர் ஆணியில் தொங்கவிடுங்கள். தொலைந்தால் தொலையட்டும். சின்னப் பிள்ளைகள் வரும் மாடி அறையென்றால் ஜன்னல் கொஞ்சம் மட்டும் திறக்கிற தடுப்புப் பட்டையும் போடுங்கள், பெரியவர் விடுவிக்கக்கூடியதாக.

ஷொப்பிங் பேக் கதைக்கு வருகிறேன். அடுத்த நாள் நானே விடுதிக்குப் போனேன். பன்னிரண்டு ஜன்னலில் நான்கு, பின்கட்டில் இருந்த அலுமினியம். மூக்குக் கைப்பிடி வேண்டும். மூன்றுக்குக் கீல்தான் பழுது. கைப்பிடி உடையவே இல்லை, இறுகுகிறது என்று பட்டியலில் எழுதியிருக்கிறார்கள். மீதி ஐந்துக்கு அவர் வாங்கியதையே ஈர்க்கால் அளந்து வெட்டிப் போட்டோம். ஆறு கைப்பிடியைக் கடைக்காரர் திருப்பி எடுக்கச் சம்மதித்துவிட்டார், உறை கழற்றாததால். அந்த 12 மில்லிமீட்டர்க் கைப்பிடியை நான் எடுத்துக்கொண்டேன். மேசை லாச்சியில் இருக்கிறது. அடுத்த பேக் வரும்போது எடுத்துக் காட்ட.