"நாங்கள்தான் முதலில் வந்தோம்" என்ற வாதம் பந்தயத் தடத்தைக் காப்பாற்றாது

"தடம் இங்கே இருப்பது தெரிந்துதானே வீடு வாங்கினார்கள்?" சத்தம் பற்றிப் புகார் வந்ததும் தட நிர்வாகிகள் கேட்கும் முதல் கேள்வி இது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். வழக்கில் நிற்பது கடினம். இங்கிலாந்தில் மில்டன்ஹால் பக்கத்தில் 1970களில் ஸ்பீட்வே (நீள்வட்டத் தடத்தில் ஓட்டும் பைக்) பந்தயத்துக்கென ஓர் அரங்கம் கட்டினார்கள். 1992இல் அதன் பின்புறம் மோட்டோகிராஸ் (மேடுபள்ள மண்தட பைக் பந்தயம்) தடமும் வந்தது. 2006இல் அருகே வீடு வாங்கிக் குடிவந்தவர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பின்னால் குடிவந்தார்கள் என்பது மட்டுமே தடத்துக்குத் தற்காப்பு ஆகாது என்று 2014இல் தீர்ப்பு வந்தது. உள்ளாட்சி தரும் திட்ட அனுமதி கையில் இருப்பதால் அண்டை வீட்டாரின் உரிமை போய்விடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும்தான். ஆனாலும் இந்த ஒரு வாதத்தை நம்பி உட்கார்ந்திருப்பது ஆபத்து.

அதே நாட்டில், கிராஃப்ட் தடத்தின் வழக்கில் 2009இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சத்தம் மிகுந்த நாட்களை ஆண்டுக்கு 40 என்று வரையறுத்தது. அமெரிக்காவின் லைம் ராக் தடத்தில் 1959இன் நீதிமன்ற ஆணை முதல் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் கிடையாது. இரண்டு தடங்களும் மூடப்படவில்லை. நீதிமன்றமும் சரி, அக்கம்பக்கத்தாரும் சரி, கடைசியில் எண்ணுவது நாட்களைத்தான். எந்த நாள் அமைதி என்று முன்கூட்டியே தெரிந்தவர் பொறுத்துக்கொள்வார். எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்று தெரியாதவர்தான் வக்கீலைத் தேடுவார்.

நாட்களைப் பேரம் பேசும் முன் கணக்குப் புரிய வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சத்தம் 6 டெசிபல் குறையும். எக்ஸாஸ்ட்டிலிருந்து (புகைக்குழாய்) அரை மீட்டரில் 105 டெசிபல் காட்டும் கார், 500 மீட்டரில் ஏறத்தாழ 45 காட்டும். அதே மாதிரி பத்துக் கார்கள் சேர்ந்தால் 10 கூடி 55 ஆகும். கிராமப்புறத்தில் பின்னணிச் சத்தமே 35 என்றால், வீட்டு வாசலில் அதைவிட 20 டெசிபல் மேலே நிற்கிறோம். கார்களைப் பத்திலிருந்து ஐந்தாகக் குறைத்தால் 3 டெசிபல்தான் குறையும். வீட்டில் இருப்பவருக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் 105இல் ஓடும் ஒற்றைக் கார், 95இல் ஓடும் பத்துக் கார்களுக்குச் சமம். கூட்டத்தைக் குறைப்பதற்கு முன் அந்த ஒரு காரைப் பிடியுங்கள்.

அதைப் பிடிக்கும் இடம் நுழைவுச் சோதனை. பரவலாகப் பயன்படும் முறை இதுதான்: எக்ஸாஸ்ட் வாயிலிருந்து 0.5 மீட்டர் தள்ளி, 45 பாகைக் கோணத்தில், வாய் இருக்கும் உயரத்திலேயே மைக்கை வைத்து, இன்ஜினை அதிகபட்ச ஆற்றல் தரும் ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுழலும் எண்ணிக்கை) முக்கால் பங்கில் பிடிக்க வேண்டும். 8000 என்றால் 6000. பிழை வருவது பெரும்பாலும் தூரத்தில்தான். அரை மீட்டருக்குப் பதில் 40 சென்டிமீட்டரில் வைத்தாலே 2 டெசிபல் கூடிவிடும். தள்ளி வைத்தால் அந்த அளவுக்கு ஓட்டுநருக்கு லாபம். கண்ணால் மதிப்பிடாமல் அரை மீட்டர் குச்சி ஒன்றை ஸ்டாண்டோடு கட்டிவையுங்கள். கெட்டியான தரையில் நிறுத்துங்கள். மூன்று மீட்டருக்குள் சுவரோ லாரியோ இருக்கக் கூடாது. எதிரொலி கணக்கைக் கெடுத்துவிடும். ஆர்பிஎம்மை ஓட்டுநர் வாயால் சொல்வதை நம்பாமல் வண்டியின் ஆர்பிஎம் மீட்டரை எட்டிப் பாருங்கள்.

நின்ற நிலைச் சோதனையில் தேறிய வண்டி ஓடும்போது ஏன் தோற்கிறது என்று கேட்பார்கள். நிற்கும்போது இன்ஜினுக்குச் சுமை இல்லை, த்ராட்டில் (ஆக்சிலரேட்டர்) கொஞ்சம்தான் திறந்திருக்கிறது. வளைவிலிருந்து முழு த்ராட்டிலில் வெளியேறும்போது எக்ஸாஸ்ட்டோடு காற்று உறிஞ்சும் வாயும் கத்தும். அதனால் தடத்தோரத்திலும் சத்தம் அளக்கும் மீட்டர் ஒன்று வேண்டும், முழு த்ராட்டில் போடும் இடத்தில். கலிஃபோர்னியாவின் லகுனா செக்காவில் தடத்திலிருந்து 50 அடியில் அளக்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் வரம்பு 90 டெசிபலை ஒட்டியே இருக்கும். மீட்டர் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக எக்ஸாஸ்ட் வாயைத் திருப்பும் குழாய்களை அங்கே பலர் மாட்டுகிறார்கள். வீடுகளும் அந்த எதிர்ப்பக்கத்தில் இருந்தால் இந்தத் தந்திரம் தடத்துக்கே வேட்டு. மீட்டர் முன்னால் மட்டும் த்ராட்டிலிலிருந்து காலை எடுக்கும் ஓட்டுநரும் அதே கணக்குதான். மீட்டரின் இடத்தை அவ்வப்போது மாற்றுவதே வழி.

சைலன்சரில் பெரும்பாலும் கெட்டுப்போவது உள்ளே இருக்கும் நார்ப் பொதி. துளையிட்ட குழாயைச் சுற்றியுள்ள கண்ணாடி நார் வெப்பத்தில் உடைந்து, துகளாகி வெளியே பறந்துவிடும். டூ ஸ்ட்ரோக்கில் எண்ணெயில் ஊறிக் கட்டியாகும். புதிதாகத் திணிக்கும்போது தளர்வாக விட்டால் சில ஓட்டங்களிலேயே பறந்துபோகும். இறுக்கி அடைத்தால் சத்தத்தை உறிஞ்ச இடமிருக்காது. தயாரிப்பாளர் சொன்ன எடையைத் தராசில் வைத்துப் பார்த்து நிரப்புவதுதான் சரி. குழாயை ஒட்டி ஒரு சுற்று எஃகு நார் வைத்தால் கண்ணாடி நார் நீடிக்கும். அடைந்த துளைகளில் உள்ள கரியையும் சுரண்டிவிடுங்கள். பொதி நன்றாக இருந்தும் சத்தம் குறையவில்லையா? இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, கனத்த துணியால் வாயை ஒரு கணம் பாதி மூடிப் பாருங்கள். இணைப்பிலோ ரிவெட்டிலோ "உஸ்" என்று கேட்டால் அங்கே கசிகிறது.

தடுப்பைப் பற்றிச் சுருக்கமாக: மரம் நட்டால் சத்தம் நிற்கும் என்பது ஆசை மட்டுமே. கண்ணுக்கு மறைக்கும், காதுக்குப் பெரிதாக உதவாது. மண் மேடு வேலை செய்யும், அதுவும் எக்ஸாஸ்ட்டுக்கும் வீட்டு ஜன்னலுக்கும் இடையிலான நேர்கோட்டை வெட்டினால்தான். கோட்டைத் தொட்டாலே 5 டெசிபல் போல் கிடைக்கும். தடத்தையோ வீட்டையோ ஒட்டி இருந்தால் பலன் கூடும், நடுவழியில் இருந்தால் குறையும். எக்ஸாஸ்ட்டின் அடித்தொனியை எந்த மேடும் முழுதாகத் தடுக்காது. 6000 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டர் இன்ஜினின் வெடிப்பு நொடிக்கு 200 முறை. அந்தத் தாழ்ந்த அலை மேட்டின் உச்சியில் வளைந்து இறங்கிவிடும்.

வானிலையும் உங்கள் கையில் இல்லை. காற்று வீட்டுப் பக்கம் அடித்தால் சத்தம் தூரம் போகும். காற்றில்லாத விடியற்காலையில் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றும் நிற்கும்போது, மேலே போக வேண்டிய ஒலி வளைந்து தரைக்கே திரும்பும். காலை ஏழு மணிக்கு வரும் புகாரில் பாதி நியாயம் இதில் இருக்கிறது. சத்தமான வண்டிப் பிரிவுகளின் ஓட்டத்தை நண்பகலுக்கு ஒதுக்குங்கள்.

பலர் மறந்துவிடுவது ஒலிபெருக்கி. இன்ஜின் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டவர்கூட வர்ணனையின் ஒவ்வொரு சொல்லும் வீட்டுக்குள் கேட்டால் எரிச்சலடைவார். உயரமான இரண்டு பெரிய ஹார்னுக்குப் பதில், பார்வையாளர் பக்கம் கீழ்நோக்கிச் சாய்த்த சிறிய ஸ்பீக்கர்கள் பலவற்றை வையுங்கள். இதைவிட மலிவான திருத்தம் வேறில்லை.

வீட்டு வாசலில் அளக்கும்போது ஐஇசி 61672 என்ற சர்வதேசத் தரத்தில் முதல் வகுப்பு ஒலி மீட்டரும், மைக்கில் காற்று இரைச்சலைத் தடுக்கும் காற்றுறையும் வேண்டும். தொடங்கும் முன்னும் முடித்த பின்னும் 94 டெசிபல் காலிப்ரேட்டரில் (சரியான அளவில் ஒலி எழுப்பும் கருவி) சரிபாருங்கள். இரண்டுக்கும் இடையில் அரை டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றைய பதிவைத் தூக்கிப் போடுங்கள். காற்று நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டினாலும் அப்படியே. தடம் ஓடாத நாளிலும் அதே இடத்தில், அதே நேரத்தில் அளந்து வையுங்கள். மொபைல் செயலியின் எண்ணை யாரும் ஆதாரமாக ஏற்க வேண்டியதில்லை, அது உங்களுடையதாக இருந்தாலும்.

ஒப்பந்தம் எழுதும்போது வீட்டு எல்லையில் "எந்த நேரத்திலும் இத்தனை டெசிபலைத் தாண்டக் கூடாது" என்ற உச்ச வரம்பில் கையெழுத்துப் போடாதீர்கள். சாலையில் போகும் ஒரு லாரியோ, குரைக்கும் ஒரு நாயோ அன்றைய நாளை மீறலாக்கிவிடும். தடத்தோரத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் வரம்பு, வீட்டில் பின்னணி கழித்த 15 நிமிடச் சராசரி, ஆண்டுக்கு எத்தனை சத்தமான நாட்கள், எவை அமைதி நாட்கள் என்பதை எழுதுங்கள். மீறிய வண்டிக்கு முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை கருப்புக் கொடி (வண்டியைத் தடத்திலிருந்து வெளியேற்றும் அடையாளம்) என்பதையும் அதிலேயே சேர்த்து, கொடி காட்டும் அதிகாரம் யாருக்கு என்று குறிப்பிடுங்கள். கட்டணம் கட்டிய ஓட்டுநரை வெளியே அனுப்பத் தயங்கும் அமைப்பாளரிடம் அந்த அதிகாரத்தைக் கொடுக்காதீர்கள்.