அக்சன்: கிற்றாரில் ஏது ‘செயல்’?

ஸ்பானிய பிளமெங்கோ இசைக்கான கிற்றார் வாங்குவது பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் “இவை தாழ்ந்த செயல் கொண்டவை” என்ற வசனம் அலுக்காமல் வருகிறது. களவெடுப்பது தாழ்ந்த செயல், கோள்மூட்டுவது தாழ்ந்த செயல். கிற்றார் என்ன பாவம் செய்தது? அடுத்த பந்தியிலேயே கிளாசிக்கல் கிற்றாருக்கு “உயர்ந்த செயல்” என்று நற்சான்றும் கிடைத்துவிடும். மூலத்தில் இருந்த ஆங்கிலச் சொல் அக்சன் (action). அகராதியின் முதற்பொருளை அப்படியே தூக்கி ஒட்டியதன் விளைவு இது.

சொல்லின் பிறப்பு எளியது. ‘செய்’, ‘இயக்கு’ என்று பொருள்படும் இலத்தீன் வினையடி. ஆங்கிலத்தில் அது பொறியின் உள்ளியக்கத்துக்கும் பெயரானது. துப்பாக்கியின் விசையமைப்பும் பியானோவின் சுத்தியல் அமைப்பும் அக்சன்தான். கிற்றாரில் அப்படியொரு பொறி இல்லை. அங்கே அச்சொல் ஓர் அளவைச் சுட்டுகிறது: கழுத்தில் குறுக்கே பதித்த உலோக மெட்டின் தலைக்கும் மேலே ஓடும் நரம்பின் அடிக்கும் இடையிலுள்ள தூரம். வழக்கமாக 12ஆம் மெட்டில் அளப்பார்கள்.

‘செயல்’ போனால் எதை வைப்பது? ‘இயக்கம்’ என்பார் உண்டு. அதுவும் அதே குழிதான். ‘நரம்பு இடைவெளி’ கேட்க நன்றாயிருக்கும், ஆனால் ஒரு நரம்புக்கும் பக்கத்து நரம்புக்கும் உள்ள தூரத்தை எப்படிச் சொல்வது? மட்டக்களப்பில் வாசிக்கிறவர்கள் “கம்பி உயர நிக்குது” என்கிறார்கள். பேச்சுக்கு அது போதும், செயலைவிட நூறு மடங்கு மேல். எழுத்துக்கு வரும்போதுதான் ‘கம்பி’ இடிக்கிறது. கம்பி என்றால் உலோகம். பிளமெங்கோ கிற்றாரில் இருப்பது நைலோன். ஆறு நைலோன் நரம்புகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 40 கிலோ. உருக்குக் கம்பிகள் 70 கிலோவைத் தாண்டும். மெல்லிய மேற்பலகையில் உருக்கைப் பூட்டினால் பலகை வீங்கும், கம்பிகளைத் தாங்கும் குதிரை பெயர்ந்து வரும். கம்பி என்று எழுதிக் கொடுத்தால் யாரோ ஒருவர் கம்பியைத்தான் வாங்கிப் பூட்டுவார்.

நமக்குப் பழைய சொல் ஒன்று கையில் இருக்கிறது: நரம்பு. யாழுக்குக் கட்டியது நரம்பு. காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ் நூல் முழுக்க நரம்புதான். 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அவர் பிறந்த மண்ணிலிருந்து ‘தாழ்ந்த செயல்’ என்று எழுதக் கை எப்படி வருகிறதோ! நரம்பென்றால் உடம்பு நரம்பு நினைவுக்கு வரும், பழைய இசைநூல்களில் அது சுரத்தையும் குறித்தது என்று தடை சொல்வார்கள். இரண்டும் உண்மைதான். கிற்றாரைப் பற்றிய வசனத்தில் யாரும் வைத்தியரைத் தேடப்போவதில்லை. ஸ்பானியரும் இதைக் ‘குவெர்தாக்களின் உயரம்’ என்றே சொல்கிறார்கள். குவெர்தாவின் கிரேக்க வேர் விலங்கின் குடலைக் குறித்தது. பழைய நரம்பும் குடலில் முறுக்கியதே.

ஆகவே நரம்புயரம். அது பிடிக்காதவர் அக்சன் என்றே எழுதட்டும், குற்றமில்லை. தெரிந்த பிறமொழிச் சொல் திரிந்த தமிழ்ச் சொல்லைவிட நேர்மையானது.

சொல் துல்லியமாக இருந்தால்தான் கடையில் கேள்வியும் துல்லியமாகும். பிளமெங்கோவில் தடித்த ஆறாம் நரம்பின் உயரம் பெரும்பாலும் 2.5 முதல் 3 மில்லிமீற்றர் வரை, கிளாசிக்கலில் 4 அளவில். பறங்கியர் வீட்டுக் கப்ரிஞ்ஞா ஆட்டப்பாட்டு, கோயில் பாடகர் குழு, சினிமாப் பாட்டு எல்லாவற்றுக்கும் ஒரே கிற்றார் என்றால் ஆறாவது 3 முதல் 3.3, முதலாவது 2.7 அளவு என்று வைப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் ஓங்கி அடிக்கும்போது நரம்பு மெட்டில் பட்டு இரையும். பிளமெங்கோக்காரர் அந்த இரைச்சலைக் கொஞ்சம் விரும்புவார்கள். ஒலிவாங்கியில் ஒரு பக்திப் பாட்டுக்கு அது ஊத்தையாகக் கேட்கும். எல்லா மெட்டிலும் இரைந்தால் உயரம் போதாது, ஓரிடத்தில் மட்டும் இரைந்தால் அருகே ஒரு மெட்டு எழும்பி நிற்கிறது.

குதிரைமேல் உள்ள எலும்புத் துண்டின் அடியில் 1 மில்லிமீற்றர் தேய்த்தால் 12ஆம் மெட்டில் அரை மில்லிமீற்றர்தான் இறங்கும். தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. மூல எலும்பை வைத்துவிட்டு இன்னொன்றைத் தேய்த்து, வாசிப்புக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

‘உயரம்’ என்று மொட்டையாக எழுதுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குதிரையருகே நரம்பு பலகையிலிருந்து எவ்வளவு எழும்பி நிற்கிறது என்பது வேறு அளவு: பிளமெங்கோவில் 7, 8 மில்லிமீற்றர், கிளாசிக்கலில் 10க்கு மேல். விரலால் பலகையைத் தட்டுவதற்கு இந்தத் தாழ்வுதான் வசதி. தட்டுமிடத்தில் பலகையைக் காக்க ஒரு பிளாஸ்டிக் தகடும் ஒட்டியிருக்கும். இந்த அளவு கழுத்தின் சாய்வோடு பிறந்தது, அரத்தால் வராது. கிளாசிக்கல் கிற்றாரின் நரம்புயரத்தை 3க்கு இறக்கிவிட்டு பிளமெங்கோ ஆக்கிவிட்டோம் என்பவர்கள் இரண்டு அளவையும் ஒன்றாக்கியவர்கள். குதிரையருகே உள்ள அளவுக்குக் குதிரையுயரம் என்று தனிப்பெயர் வேண்டும்.

குதிரை என்றதும் ஞாபகம் வருகிறது, அதே மொழிபெயர்ப்புகளில் குதிரை ‘பாலம்’ ஆகிவிடும். வீணைக்கும் வயலினுக்கும் குதிரை இருக்க, கிற்றாருக்கு மட்டும் கல்லடிப் பாலமா?

நரம்புயரத்தை எந்த மாதத்தில் அளந்தது என்பதையும் குறித்துவையுங்கள். மாரியில் பலகை ஈரம் குடித்து உப்பும், நரம்பு எழும்பும். கச்சான் என்ற வறண்ட மேல்காற்று வீசும்போது பலகை காய்ந்து அமரும்; மாரியில் 3 வைத்தவருக்கு அப்போது இரையத் தொடங்கும். எலும்பைத் தேய்ப்பதானால் கச்சானில் அளந்த பிறகு தேய்க்கலாம்.