குதிரைக்குட்டியின் குளம்பை எத்தனை நாளுக்கு ஒருமுறை அராவ வேண்டும்?

பிறந்த சில நிமிடங்களில் குதிரைக்குட்டியின் பாதத்தைப் பார்ப்பவர் திகைத்துப்போவார். குளம்பின் அடியில் ஈர ரப்பரைப் போல வெளிறிய, தொளதொளத்த இழைகள் விரல்விரலாகத் தொங்கும். அது நோயல்ல. குட்டி வயிற்றுக்குள் உதைக்கும்போதும் வெளியே வரும்போதும் குளம்பின் விளிம்பு தாயின் உடலைக் கிழித்துவிடாமல் காக்கும் உறை அது. குட்டி எழுந்து நடமாடத் தொடங்கியதும் காய்ந்து, தேய்ந்து, ஓரிரு நாளில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். உறை போனபின் தரையைத் தொடுவது உண்மையான குளம்பு. அது அன்றிலிருந்தே ஓயாமல் வளர்கிறது.

குளம்பின் சுவர், நம் நகத்தைப் போலவே கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. காலின் முடி நின்று குளம்பு தொடங்கும் விளிம்பில் அது உருவாகிக் கீழ்நோக்கி இறங்குகிறது. வளர்ந்த குதிரைக்கு மாதம் 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை இறங்கும். சில மாதக் குட்டிக்கோ 12 முதல் 15 மில்லிமீட்டர் வரை. எண்களைப் பார்த்தால் வேறுபாடு பெரிதாகத் தெரியாது. ஆனால் குட்டியின் குளம்பு எவ்வளவு சிறியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

குட்டியின் குளம்பு முன்பக்கத்தில் 6 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் 15 மில்லிமீட்டர் கூடினால், அது குளம்பின் நீளத்தில் கால் பங்கு. வளர்ந்த குதிரையின் குளம்பு 8.5 சென்டிமீட்டர் என்றால், அங்கே கூடும் 8 மில்லிமீட்டர் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதாவது குட்டியின் ஒரு மாதம், பெரிய குதிரையின் இரண்டரை மாதத்துக்குச் சமம். பெரிய குதிரைக்கு 6 முதல் 8 வாரம் வரை இடைவெளி விடுவது வழக்கம். அதை இந்தக் கணக்கில் சுருக்கினால் ஏறத்தாழ 3 வாரம் வருகிறது. குட்டிகளுக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை என்று லாடம் அடிப்பவர்களும் கால்நடை மருத்துவர்களும் சொல்வதன் பின்னணி இதுதான்.

குளம்பு நீண்டால் குட்டிக்கு உயரம் மட்டும் கூடினால் பரவாயில்லை. ஆனால் குளம்பின் சுவர் தரையோடு சுமார் 50 பாகைச் சாய்வில் இருக்கிறது. அந்தச் சாய்விலேயே 15 மில்லிமீட்டர் வளர்ந்தால் பாதத்தின் நுனி ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் முன்னே நகர்ந்துவிடும். ஒவ்வோர் அடியிலும் பாதம் அந்த நுனியின் மேல் உருண்டுதான் தரையை விட்டு எழ வேண்டும். நுனி முன்னே போகப்போக நெம்புகோல் நீள்கிறது. காலின் பின்பக்கமாக இறங்கிக் குளம்பு எலும்பைப் பிடித்திருக்கும் தசைநாண் அத்தனை அதிகமாக இழுபடுகிறது.

இதைவிட முக்கியமான காரணம் எலும்பில் இருக்கிறது. குட்டியின் கால் எலும்புகளின் முனைகளில் குருத்தெலும்பாலான வளர்தட்டுகள் உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். குளம்பின் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருந்தால் வளர்தட்டின் ஒரு பக்கத்தில் சுமை மிகும். அளவுக்கு மீறி அழுந்தும் பக்கம் மெதுவாக வளரும், கால் கோணும். எல்லா வளர்தட்டுகளும் ஒரே நேரத்தில் மூடுவதில்லை. குளம்புக்குச் சற்று மேலே உள்ள கணு மூட்டுக்கு மேல் இருக்கும் தட்டு, தன் வேலையில் பெரும்பகுதியை முதல் 3 மாதங்களுக்குள் முடித்துவிடுகிறது. முன்காலின் முட்டிக்கு மேலே உள்ள தட்டு இரண்டு வயது வரையிலும், அதைத் தாண்டியும் திறந்திருக்கும். ஆகவே கணுவுக்குக் கீழே தெரியும் கோணலைச் சரிசெய்யக் கிடைப்பது சில வாரங்கள்தான். "குட்டி கொஞ்சம் பெரிதாகட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதைக்கிறது.

இதற்கு நேர்மாறான அவசரமும் ஆகாது. பல குட்டிகள் பிறக்கும்போது முட்டிகள் சற்று உள்வாங்கி, பாதங்கள் வெளிப்பக்கம் திரும்பித்தான் நிற்கும். மார்பு ஒடுங்கியிருப்பதும் அதற்கு ஒரு காரணம். மார்பு விரிய விரிய முழங்கைகள் விலகி, கால் தானாக நேராகிவிடும். அதைக் குளம்பை ஒரு பக்கமாகச் சீவி இழுத்து நேராக்கினால், பின்னாளில் பாதம் உள்பக்கம் திரும்பி நிற்கும். கோணல் கடுமையாக இருந்தாலோ நாளுக்கு நாள் கூடினாலோ, அரத்தை எடுக்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மேயும் நிலையையும் கவனியுங்கள். குட்டிக்குக் கால் நீளம், கழுத்து குட்டை. புல்லை எட்ட ஒரு முன்காலை முன்னே வைத்து, மற்றொன்றைப் பின்னுக்குத் தள்ளிக் குனிகிறது. நெதர்லாந்தில் 24 குட்டிகளைப் பிறந்தது முதல் கவனித்து 2006-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ பாதிக் குட்டிகளுக்கு எப்போதும் ஒரே காலை முன்வைக்கும் பழக்கம் படிந்திருந்தது. அவற்றின் இரு முன்குளம்புகளும் ஒன்றுபோல் வளரவில்லை. முன்னே நிற்கும் பாதம் தட்டையாகச் சாய்கிறது. பின்னே நிற்பது குதி உயர்ந்து செங்குத்தாகிறது. இப்படிப்பட்ட குட்டிக்கு 4 வாரம்கூட நீண்ட இடைவெளி.

முதல் அராவல் பெரும்பாலும் 4 முதல் 8 வார வயதுக்குள் நடக்கும். கொறடு தேவையில்லை, அரம் போதும். விளிம்பைச் சமமாக்கி, கூர்முனையை மழுக்கிவிட்டால் வேலை முடிந்தது. உள்ளங்குளம்பு மிக மெல்லியது. அதையும் நடுவிலிருக்கும் முக்கோண மெத்தையையும் தொடவே கூடாது. அடிக்கடி செய்வது என்றால் அதிகம் எடுப்பது என்று சிலர் புரிந்துகொள்கிறார்கள். அது தவறு. அடிக்கடி செய்வதே ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக எடுக்கத்தான்.

வளர்ச்சி பாதிக் கணக்கு, தேய்மானம் மீதி. கரடுமுரடான தரையில் நாள் முழுதும் தாயோடு சுற்றும் குட்டிக்குத் தரையே அரம். மென்மையான புல்வெளியிலோ கொட்டடியிலோ நிற்கும் குட்டிக்கு எதுவும் தேயாது. கோடையில் குளம்பு வேகமாகவும் குளிர்காலத்தில் மெதுவாகவும் வளரும்.

உங்கள் குட்டியின் கணக்கை நீங்களே எடுக்கலாம். முடி நிற்கும் விளிம்புக்கு 1 சென்டிமீட்டர் கீழே, குளம்புச் சுவரின் நடுவில், அரத்தின் ஓரத்தால் மேலோட்டமாக ஒரு கோடு கீறுங்கள். முடியிலிருந்து தரை வரை உள்ள மொத்த நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இடையில் அராவாமல் 3 வாரம் கழித்து இரண்டையும் மறுபடி அளந்தால், கோடு இறங்கிய தூரம் வளர்ச்சி. அதிலிருந்து மொத்த நீளம் கூடியதைக் கழித்தால் தேய்மானம். கோடு 10 மில்லிமீட்டர் இறங்கி, நீளம் 2 மில்லிமீட்டர்தான் கூடியிருக்கிறது, விளிம்பும் இரு பக்கமும் சமமாகத் தேய்ந்திருக்கிறது என்றால் இன்னும் ஒரு வாரம் விடலாம். நீளம் 9 மில்லிமீட்டர் கூடியிருந்தால் அரத்தை அன்றே எடுங்கள். ஒரு வயதுக்குப் பிறகு இடைவெளி 4 முதல் 6 வாரமாக மெல்ல நீளும். அப்போதும் அந்தக் கோட்டைக் கீறுவதை விடாதீர்கள்.