உறையவும் விடாது, உருகவும் விடாது

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் இறங்காது. சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறைந்துவிடுகிறது. சற்று வெயில் பட்டால் இளகிவிடுகிறது. நம் செல்களைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கும் அடிப்படை கொழுப்புதான். அது ஏன் இப்படிச் சட்டென்று உறைவதும் உருகுவதுமாக இல்லை?

சவ்வின் முக்கிய மூலக்கூறு பாஸ்போலிப்பிட். அதற்கு நீரை நாடும் தலை ஒன்று, நீரை வெறுக்கும் வால்கள் இரண்டு. இரு வாலும் 16 கார்பன் நீளமுள்ள நிறைவுற்ற கொழுப்பாக இருக்கும் ஒரு வகையை மட்டும் எடுத்துச் சவ்வு செய்தால், அது 41 டிகிரியில் உருகும். அதற்குக் கீழே வால்கள் விறைத்து, நெருங்கி அடுக்கி நிற்கும். மேலே போனால் வளைந்து நெளியும்.

இதற்குள் கொலஸ்ட்ராலைச் சேர்த்துப் பாருங்கள். அதன் உடல், நான்கு வளையங்கள் ஒட்டிய விறைப்பான தட்டு. உருகிய சவ்வில் இந்தத் தட்டு பக்கத்து வால்களை நெளியவிடாமல் நிமிர்த்துகிறது. சவ்வு நெருக்கமாகித் தடிக்கிறது, கசிவு குறைகிறது. உறைந்த சவ்விலோ அதே தட்டு வால்களின் சீரான அடுக்கில் இடையே புகுந்து அதைக் குலைத்துவிடுகிறது. கெட்டிப்படுத்துவதும் இளக்குவதும் ஒரே மூலக்கூறுதான் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

முடிவில் கிடைப்பது மூன்றாவது நிலை. வால்கள் திடப்பொருளில் போல நிமிர்ந்திருக்கும். ஆனால் மூலக்கூறுகள் திரவத்தில் போல இடம்விட்டு இடம் வழுக்கிச் செல்லும். 1987இல் இப்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர் இதை ஒழுங்குற்ற திரவநிலை என்று விளக்கினார்கள். வெப்பத்தை அளக்கும் சோதனையிலும் இது தெரிகிறது: கொலஸ்ட்ரால் கூடக்கூட, சவ்வு உருகுவதைக் காட்டி வரைபடத்தில் 41 டிகிரியில் எழும் கூர்மையான முகடு தாழ்ந்து அகல்கிறது. கொழுப்பு மூலக்கூறுகளில் பாதியளவை அது எட்டும்போது முகடே இருப்பதில்லை.

ரத்தப் பரிசோதனைத் தாளில் நாம் அஞ்சும் எண், ரத்தத்தில் புரதத் துகள்களோடு பயணிக்கும் கொலஸ்ட்ராலைக் குறிக்கிறது. சவ்வில் இருப்பதை அல்ல. சிவப்பணுவின் சவ்வில் கொழுப்பு மூலக்கூறுகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு கொலஸ்ட்ரால்தான். மிக மெல்லிய ரத்தக் குழாய்களில் நசுங்கி நுழைந்தாலும் கிழியாத உறுதியில் அதற்கும் பங்குண்டு. கடுமையான கல்லீரல் நோயில் சிலருக்குச் சிவப்பணுச் சவ்வில் அது அளவுமீறிச் சேர்கிறது. அப்போது சவ்வு விறைக்கிறது, வட்டமான அணுவில் முட்கள் முளைக்கின்றன. குறுகலான வழிகளில் வளைந்து நுழைய முடியாத அந்த அணுக்களை மண்ணீரல் பிடித்து அழிக்கிறது. நோயாளிக்கு ரத்தசோகை வருகிறது.