யூரோஜிம்னஸ், யூரோமைசிஸ்: பெயரில் உள்ள வால்

யூரோஜிம்னஸ் ஒரு திருக்கை மீன் பேரினம். யூரோமைசிஸ், சிதம்பரம் பக்கம் நெல் அறுத்த வயலில் போடும் உளுந்துக்குத் துரு நோயைக் கொடுக்கும் பூஞ்சைப் பேரினம். இவற்றைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதுதான் கேள்வி. இரண்டு பெயருக்கும் முன்னால் நிற்பது 'ஊரா' என்ற கிரேக்கச் சொல், பொருள், வால். சிறுநீரைக் குறிக்கும் 'ஊரோன்' வேறு சொல். யூரியா அதிலிருந்து வந்தது. இந்த இரண்டையும் குழப்பி மொழிபெயர்த்தால் பூஞ்சைக்கு வேண்டாத பெயர் வந்துவிடும்.

யூரோஜிம்னஸில் பின்பாதியான 'கிம்னோஸ்' என்பதற்கு வெற்றுடம்பு என்று பொருள். வெற்றுடம்போடு பயிற்சி செய்த இடம் என்பதால்தான் 'ஜிம்' என்ற பெயரும் வந்தது. அப்படியானால் பேரினப் பெயரின் பொருள் 'வெற்று வால்'. மீனவர்கள் திருக்கையில் அஞ்சுவது வாலில் இருக்கும் நச்சு முள்ளைத்தான். யூரோஜிம்னஸ் ஆஸ்பெரிமஸ் என்ற இனத்துக்கு அந்த முள் கிடையாது. முதுகு முழுக்கக் கூரிய சிறுமுட்கள் உண்டு. 'ஆஸ்பெரிமஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கே 'மிகச் சொரசொரப்பானது' என்று பொருள். இதை 'முள் திருக்கை' என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கடலூர் துறைமுகத்தில் திருக்கை முள் என்றால் வால் முள்ளைத்தானே நினைப்பார்கள்? 'வெறுவால் திருக்கை' பொருத்தமாக இருக்கும். 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் இனம் இது; பிடிப்பதும் விற்பதும் குற்றம். பெயர் குழம்பினால் ஏலக்கூடத்தில் இது மற்ற திருக்கையோடு சேர்ந்து போய்விடும் என்பதே என் கவலை.

யூரோமைசிஸில் 'மைசிஸ்' என்பது பூஞ்சை. இதன் வால் கண்ணுக்குத் தெரியாது, நுண்ணோக்கி வேண்டும். பருவத்தின் பிற்பகுதியில் உண்டாகும் தடித்த சுவருள்ள ஸ்போர் (பூஞ்சையின் வித்து) ஒற்றை அறையாக இருக்கும், அடியில் சிறு காம்பு தொங்கும். அந்தக் காம்பைத்தான் வால் என்றார்கள். பக்சீனியா என்ற இன்னொரு துருப் பூஞ்சையின் ஸ்போருக்கும் காம்பு உண்டு, ஆனால் அதில் பொதுவாக இரண்டு அறை. யூரோமைசிஸ் உயிருள்ள செடியில் மட்டுமே பிழைக்கும் ஒட்டுண்ணி. இலையின் அடிப்பக்கம் செம்பழுப்புப் பொடியாகத் தெரியும்.

பாடநூலுக்கு 'வாற்பூஞ்சை' என்று எழுதலாம். அப்புறம், உழவரிடம் பேசும்போது 'துரு நோய்' போதும். அவர் இலையில் பார்ப்பது அந்தப் பொடியைத்தான்.